நாலாம் தூக்கம்

ஆஸ்பத்திரியில் "பெரியம்மாள்" என்று பெயர் கூப்பிட்டால், நர்ஸுகள் ஒரு கிழவி எழுந்து வருவாள் என்று பார்ப்பார்கள். வருவது முப்பத்திரண்டு வயதுக்காரி. குலசாமி பெயரை வைத்துவிட்டார்கள், அவள் என்ன செய்வாள்? "நாந்தாங்க" என்று சொல்லிவிட்டு, மகள் உட்கார்ந்திருக்கும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள். நான் வெளியே வண்டியில் காத்திருப்பேன்.

என் பெயர் கதிரவன். காரிமங்கலத்தில் வாடகைக்கு ஆம்னி வேன் ஓட்டுகிறேன். பெரியம்மாளும் அவள் புருஷன் மாதவராஜும் எங்கள் ஊர்தான். என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் அவர்களுடைய மல்பெரித் தோட்டம். மகள் சுசித்ராவின் காலில் வளையம் மாட்டியதிலிருந்து, பஸ் ஏற முடியாது என்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேலத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். முதல் தடவை வண்டியில் ஏறும்போதே பெரியம்மாள் மூக்கைச் சுளித்தாள். கண்ணாடியில் ஆசையாக மல்லிகை வாசனை டப்பா ஒன்று தொங்கவிட்டிருந்தேன். "கதிரண்ணே, இத எடுத்துருங்க. இந்த வாசன துணியில ஏறிச்சின்னா நான் எப்படிப் புழு மனைக்குள்ள போறது?" என்றாள். பட்டுப்புழு வளர்க்கத் தனியாகக் கட்டின கொட்டகைதான் புழு மனை. அது இருக்கிற வீட்டில் ஊதுவத்தி கிடையாது, கொசுவத்தி கிடையாது, பவுடர் கூடக் கிடையாது. வாசனை பட்டால் புழு தின்னாது. என் வண்டியில் நான் மாட்டின டப்பாவை எடுக்கச் சொல்ல அவள் யார் என்று ஒரு நிமிஷம் கோபம் வந்தது. கழற்றிப் போட்டுவிட்டேன்.

சுசித்ராவுக்குப் பதினோரு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் சீழ் கோத்து, ஆறியது. ஆறினதோடு அந்தக் கால் வளர்வதை மறந்துவிட்டது. வலது கால் வளர வளர இடது கால் பின்தங்கி, நாலு விரற்கடை குறைந்து நின்றது. குதிகால் தரையில் படாமல் நுனிவிரலில் நடப்பாள். சேலத்து டாக்டரம்மா எலும்பை நடுவில் வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் பூட்டி, கம்பிகளை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாங்கியிருந்தார். வளையங்களை இணைக்கும் தண்டுகளில் நாலு நட்டு. ஒரு நாளைக்கு நாலு வேளை, ஒவ்வொரு நட்டையும் கால்வாசிச் சுற்று திருப்ப வேண்டும். வெட்டின எலும்பு மயிரிழை மயிரிழையாக விலகும், விலகின இடத்தில் புது எலும்பு வளரும். திருப்புவதற்குக் கொடுத்தது பத்தாம் நம்பர் ஸ்பேனர். என் டூல் பாக்ஸில் கிடக்கும் அதே ஸ்பேனர்தான். இதற்கா சேலம் வரை போனோம் என்று நான் கேட்டதும் சுசித்ரா சிரித்தாள். "உங்க வண்டிய வேணா நீட்டிக்கங்க பெரியப்பா" என்றாள்.

நாலு வேளை என்றதும் பெரியம்மாளுக்குக் குழப்பமே வரவில்லை. மல்பெரித் தழை மூன்று வேளை போடுகிறவர்கள் உண்டு. இவள் வீட்டில் முதலிலிருந்தே நாலு வேளை. முதலில் மகளுக்கு நட்டு, பிறகு புழுவுக்குத் தழை என்று வைத்துக்கொண்டாள். புழு மனைக்குள் போகிறவள் எப்படியும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். அந்தச் சுத்தமான கையோடு முதலில் மகளிடம் உட்கார்ந்து, கம்பி போகும் துளைகளை உப்புத்தண்ணீரில் துடைத்து, நட்டைத் திருப்புவாள். திருப்பின அளவு தெரிய ஒவ்வொரு நட்டிலும் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். தோட்டமும் தழை வெட்டும் மாதவராஜுக்கு, மனையும் மகளும் இவளுக்கு என்று வேலை பிரிந்திருந்தது. இரண்டு மாதம் ஒரு வேளை தவறவில்லை. கால் இரண்டு விரற்கடைக்கு மேல் வளர்ந்திருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பென்னாகரம் பக்கத்திலிருந்து போன் வந்தது. பெரியம்மாளைத் தூக்கி வளர்த்த சித்தப்பா தவறிவிட்டார். நான் வண்டி எடுத்துக்கொண்டு போனபோது அவள் வாசலில் நின்று அழுதுகொண்டே மாதவராஜுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சாவு வூட்டுக்குப் போயிட்டு நான் மனைக்குள்ள வர முடியாது. மூணாம் நாளு பால் ஊத்திட்டுதான் வருவேன். அதுவரைக்கும் புழுவும் பாப்பாவும் உங்க பொறுப்பு."

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னா எப்படி? தழ போடறப்பல்லாம் முன்ன பாப்பாளுக்குத் திருப்புங்க. தழைக்கு ஒரு தடவ. அவ்ளோதான், வேற ஒன்னும் யோசிக்கவே வேணாம்."

"எத்தன வாட்டி சொல்லுவ? நான் என்ன சின்னப் புள்ளையா?"

"நட்டு நாலும் ஒரே அளவு திருப்பணும். பொட்டப் பாத்துக்கங்க. ஈரத் தழையப் போட்றாதீங்க, மழைல நனைஞ்சிருக்கும், ஒதறி ஒலத்திப் போடுங்க."

"சரி, சரி. கதிரண்ணே, இவள ஏத்திக்கினு கெளம்புங்க."

வண்டியில் போகும்போதும் அவள் வாய் ஓயவில்லை. சித்தப்பாவை நினைத்து அழுவாள், நடுவில் "ஸ்பேனர எங்க வெச்சேன்னு சொன்னேனா?" என்பாள். சொன்னாள் என்று நான் சொல்வேன். மறுபடியும் அழுவாள்.

மூன்றாம் நாள் பால் ஊற்றி முடிந்ததும் நானே போய்க் கூட்டி வந்தேன். மதியம் சாப்பாட்டு நேரம். வெளியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு மகளிடம் போனாள். சுசித்ரா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் தட்டில் களியும் கீரைக்குழம்பும் தொடாமல் காய்ந்திருந்தன.

"ஏன் கண்ணு சாப்புடல?"

"காலு மதமதன்னு இருக்குதும்மா."

தினமும் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. பாதத்தை முகத்தைப் பார்க்க மடக்க வேண்டும், விரல்களைத் தூக்க வேண்டும். பெரியம்மாள், "வெரலத் தூக்கு" என்றாள். சுசித்ரா பல்லைக் கடித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது. விரல் அசையவில்லை. பாதம் அப்படியே கீழ்நோக்கித் தொங்கியது.

"நல்லா தூக்கு கண்ணு."

"தூக்கறேம்மா. தூக்கினுதான் இருக்கேன்."

பெரியம்மாள் போட்ட சத்தத்தில் மாதவராஜ் மனையிலிருந்து ஓடி வந்தான். நான் வண்டியைத் திருப்பினேன். முழங்கையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு அவன் முன்சீட்டில் ஏறினான். மகளை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். அதியமான்கோட்டை தாண்டினோம். தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று, வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. அங்கேதான் பெரியம்மாள் கேட்டாள்.

"என்னாங்க பண்ணீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான் பண்ணேன்."

"நான் சொன்ன மாதிரி பண்ணியிருந்தா பாதம் ஏன் தொங்குது?"

"தழைக்கு ஒரு தடவன்னு சொன்ன. மொத நாளு தழ போட்டேன், திருப்புனேன். சாயங்காலமா புழுவெல்லாம் தலையத் தூக்கிக்கினு நாலாம் தூக்கத்துக்குப் போயிட்டுது. சுண்ணாம்பு தூவிட்டு வெளிய வந்துட்டேன். தூங்கற புழுவுக்கு யாரு தழ போடுவாங்க?"

"அய்யோ" என்றாள் பெரியம்மாள்.

புழு நாலு தடவை தோலுரிக்கும். அதை இங்கே தூக்கம் என்பார்கள். நாலாவதுதான் பெரிய தூக்கம். ஒன்றரை நாள் போல அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் ஈரம் படாமல் சுண்ணாம்பு தூவி வைப்பார்கள், ஒரு இலை விழக் கூடாது. மூன்றாம் தூக்கத்தின்போதும் பெரியம்மாள் பழக்கத்தில் அந்தந்த வேளைக்குத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? இழவு வீட்டு அவசரத்தில் நாலாம் தூக்கம் வருவதே ஞாபகத்தில் இல்லை.

"போன் பண்ணிக் கேக்கறதுக்கு என்ன?"

"சாவு வூட்ல பொணத்த வெச்சிக்கினு இருக்கீங்க. காலைத் திருப்பலாமான்னு போன் போட்டுக் கேக்கச் சொல்றியா?"

"சரி, திருப்பல. விட்டுப்போச்சி. அதுக்கு வெரலு ஏன் தூக்க வரல?"

மாதவராஜ் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். முன்னால் லாரிக்காரன் ஒருவன் இறங்கி நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

"காலையில புழு எழுந்துச்சி. எழுந்ததும் என்ன பசி பசிக்கும்னு உனக்கே தெரியும். ரெண்டு மடங்கு தழ போட்டேன். அப்பதான், ஆகா, பாப்பாளுக்கும் பாக்கி நின்னுபோச்சேன்னு தோணுச்சி. வுட்டதையெல்லாம் சேத்துத் திருப்பிட்டேன்."

"சேத்துன்னா?"

"ஆறு வேள."

"ஒரே காலையிலயா?"

"ரெண்டு ரெண்டாதான் திருப்புனேன். நடுவுல வுட்டு வுட்டு. அழுதா. ஒரு நாள் முழுக்க சும்மா கெடந்த காலாச்சே, அதான் வலிக்குதுன்னு நெனச்சிட்டேன்."

பெரியம்மாள் மகளின் பாதத்தை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். சுசித்ரா மெதுவாகச் சொன்னாள், "நேத்தெல்லாம் திருப்பலன்னு எனக்குத் தெரியும்மா. வலிக்காம இருந்துச்சி. அதான் நான் சொல்லல." ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். லாரி நகரவில்லை, எனக்கு அழுத்தணும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். என்னையும் உள்ளே விட்டார்கள். மாதவராஜ் எதையும் மறைக்காமல் சொன்னான். புழு தூங்கினது, எழுந்தது, தழை போட்டது எல்லாம் சொன்னான். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"புழு பட்டினி கெடந்தா சேத்துப் போட்டு ஈடு கட்டலாம்ங்க. இதுல முடியாது. ஒரு நாள் திருப்ப மறந்தா மறந்ததுதான், மறுநாள் வழக்கம்போல ஆரம்பிக்கணும். எலும்பு தாங்கும், கூடவே ஓடுற நரம்பு தாங்காது. அது மெதுவாத்தான் நீளும். நீங்க இழுத்துட்டீங்க."

"சரியாயிருங்களா டாக்டரம்மா?" என்றாள் பெரியம்மாள்.

"பெரும்பாலும் சரியாகும். ஆகாமலும் போகலாம்." அவர் ஸ்பேனரை வாங்கிக் கொஞ்சம் பின்னால் திருப்பித் தளர்த்தினார். "இனிமே நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல தினமும் பஞ்சால தொட்டுப் பாருங்க. உணர்ச்சி முதல்ல அங்கதான் வரணும். வந்தா உடனே எனக்கு போன் பண்ணுங்க."

"எத்தன நாளுங்க பாக்கறது?"

"ஒரு வாரம். அதுக்கு மேல சும்மா விட்டா நடுவுல எலும்பு கூடிக்கும், அப்புறம் நீட்ட முடியாது. உணர்ச்சி வராம நீட்டவும் முடியாது. இதோட நிறுத்த வேண்டியதுதான்."

"பாதம்?"

"தொங்கும். தாங்கி கட்டித்தான் நடக்கணும்."

பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி கட்டி அனுப்பினார்கள். திரும்பும்போது தொப்பூரில் ஓட்டல் முன்னால் நிறுத்தினேன். யாரும் இறங்கவில்லை. எனக்கு மட்டும் பசித்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நாலு இட்லி சாப்பிட்டேன்.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் புழு தின்னும் சத்தம் மட்டும்தான் இருந்தது. நாலாம் தூக்கத்துக்குப் பிறகு புழு தின்கிற தீனிக்கு, தழை வெட்டி மாளாது. தீட்டு என்று பெரியம்மாள் மனைப் பக்கம் போகவில்லை, மாதவராஜ் வீட்டுப் பக்கம் அதிகம் வரவில்லை. மழைக்கு நடுவே தழை வெட்டி, சுமந்து, உதறி, போட்டு, அங்கேயே கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டான். சோறு போய்ச் சேரும். கொண்டுபோய் வைக்கிற தட்டு சத்தத்திலேயே பெரியம்மாளின் கோபம் தெரியும். மகள் காலைத் துடைக்கும்போது அவன் வந்து நின்றால், உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தை அவனுக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைப்பாள். ஸ்பேனரை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

தர்மபுரியில் மருந்துத்துணி வாங்கிக்கொண்டு ஒரு நாள் நான் போனபோது, அவள் மகளைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

பெரியம்மாள் என்னைப் பார்த்தாள். முகத்தில் வெளிச்சம் வந்து, உடனே ஒரு சந்தேகமும் வந்தது. பஞ்சைக் காலிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப?"

"இப்பவும் தெரியுது."

"எங்க தெரியுது?"

"அந்த இடுக்குலதான். லேசா."

பெரியம்மாள் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். சுசித்ரா கண்ணைத் திறந்து, அம்மா மடி இருந்த இடத்தில் பஞ்சு கிடப்பதைப் பார்த்தாள். "பெரியப்பா, அப்பாகூட அம்மா பேசணும்னுதான் சொன்னேன்" என்றாள். உள்ளே போனால் அவள் அடுப்பு முன்னால் அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவன என்ன செய்யச் சொல்ற பெரியம்மா? தெரியாமப் பண்ணிட்டான்."

"அவரு மேல எனக்கு என்னண்ணே கோவம்? தழைக்கு ஒரு தடவன்னு சொன்னது நாந்தான. யோசிக்கவே வேணாம்னு சொன்னதும் நாந்தான. தூங்கறத நான் மறந்துட்டு அவரக் குத்தம் சொல்லிக்கினு இருக்கேன்."

"இத அவன்கிட்டயே சொல்லிடேன்."

"வாய் வர்லண்ணே. பாதம் தொங்கறதப் பாக்கறப்பல்லாம் யாராச்சும் ஒருத்தர் மேல கோவப்பட்டாத்தான் என்னால நிக்க முடியுது."

வாரம் முடிய ஒரு நாள் இருந்தது. புழு பழுத்துவிட்டது. பழுத்த புழு தின்னாது, உடம்பு கண்ணாடி மாதிரி மஞ்சளாகும். பொறுக்கி எடுத்து, கூடு கட்டும் பிளாஸ்டிக் வலையில் விட வேண்டும். ஆள் போதவில்லை என்று நானும் போயிருந்தேன். வாசனை சோப்புப் போட்டுக் குளித்திருக்கிறேனா என்று என்னை மோந்து பார்த்துத்தான் மாதவராஜ் உள்ளே விட்டான். மத்தியானத்துக்குள் எல்லாம் வலையேறிவிட்டன. பழுக்காத பிந்தின புழுக்கள் கொஞ்சம் தழையில் மேய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றை இலையோடு எடுத்துக்கொண்டு, "பாப்பா புழுவப் பாத்து நாளாச்சி" என்று வீட்டுக்கு நடந்தான். நானும் பின்னால் போனேன்.

சுசித்ரா கட்டிலில் சாய்ந்து போனில் ஏதோ பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கால் நீட்டியிருந்தது, தாங்கியைக் கழற்றி வைத்திருந்தார்கள். பெரியம்மாள் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். மாதவராஜ் மகளைக் கூப்பிடப் போனவன், கூப்பிடவில்லை. கால்மாட்டில் குந்தினான். புழுவை இலையிலிருந்து பிரித்து, கட்டைவிரல் பக்கத்தில் பாதத்தின் மேல் விட்டான். புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக விரல் இடுக்கை நோக்கி நகர்ந்தது.

சுசித்ரா எழுதிக்கொண்டேயிருந்தாள். புழு இடுக்கில் இறங்கியது. அவள் எழுதிக்கொண்டேயிருந்தாள். மாதவராஜ் புழுவை எடுக்கக் கையை நீட்டினான்.

"ச்சீ, கால்ல என்னமோ ஊருது" என்றாள் சுசித்ரா, நோட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல்.

பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நோட்டு கீழே விழுந்தது. "அப்பா! ஊருதுப்பா! நெஜமா ஊருது!" என்று கத்தினாள். உதறப் பார்த்தாள். கட்டைவிரல் ஒரு நெல்மணி உயரம் எழும்பித் தாழ்ந்தது.

பெரியம்மாள் பிழிந்த துணியோடு ஓடி வந்தாள். அவள் நம்பவில்லை. மகள் கண்ணைத் துண்டால் கட்டி, புழுவை வைத்தும் எடுத்தும், வைக்காமலே கேட்டும் பார்த்தாள். வைத்தபோது சுசித்ரா "இருக்குது" என்றாள், எடுத்தபோது "இல்ல" என்றாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான்தான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பெரியம்மாள் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கே ஆரம்பிக்கச் சொல்றாங்க. இன்னைக்கு ஒரே ஒரு தடவ. நாளையிலேருந்து மூணு வேள மட்டும். மறந்தா மறந்ததுதானாம்."

அரிசி டப்பாவிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, வெந்நீரில் கழுவி, துணியால் துடைத்தாள். துடைத்ததை மாதவராஜிடம் நீட்டினாள்.

"கையக் கழுவிட்டு வாங்க."

"நீயே திருப்பு பெரியம்மா. எனக்கு வேணாம்."

"கையக் கழுவிட்டு வாங்கன்னு சொன்னேன்."

மாதவராஜ் மனைக் குழாய்க்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். போதாதென்று இன்னொரு தடவை கழுவினான். ஈரக் கையை உயர்த்திப் பிடித்தபடி வந்து, மகளின் காலருகே உட்கார்ந்து ஸ்பேனரை வாங்கினான்.

"ஒன்னுதான?"

"ஒன்னுதான்" என்றாள் பெரியம்மாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து. "இனிமே தழைக்கு ஒரு தடவங்கற பேச்சே கெடையாது. செல்லுல மணி வெச்சிருக்கேன். மணி அடிச்சா நீங்களோ நானோ திருப்புவோம். தப்பாச் சொன்னது நாந்தான்."

"புழு தூங்கினாலுமாப்பா?" என்றாள் சுசித்ரா. உள்ளங்கையில் அந்தப் பிந்தின புழுவை வைத்துக்கொண்டு, கேலியாகத்தான் கேட்டாள்.

மாதவராஜ் ஸ்பேனரை நட்டில் பொருத்தினான். நட்டின் சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கியவன், கழுவின கை என்று அப்படியே நிறுத்திக்கொண்டான். பெரியம்மாள்தான் முந்தானையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"திருப்புங்க" என்றாள்.